கல் நின்ற வரிசை

நான் சுபாவத்திலேயே பயந்தவன். பஸ் பாதி வழியில் நின்று டிரைவர் இறங்கிப் போனால்கூட, என்னால்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்கிற ஆள். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினால் அந்தப் பயம் போய்விடும் என்று நம்பியிருந்தேன். போகவில்லை. முன்பு காரணம் தெரியாமல் பயந்தேன், பிறகு காரணத்தோடு பயந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டம் வாங்கிய கையோடு மதராஸில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு இடம் கிடைத்தது. டாக்டர் பட்டத்துக்குப் பிறகு செய்கிற ஆராய்ச்சிக்கான இடம். ஒரு வருஷத்துக்கு மட்டும். வேலை பிடித்திருந்தால் மேற்கொண்டு நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மூட்டையைக் கட்டினால் எனக்குப் போக்கிடம் உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் தெரு ஒன்றுதான். அறுபதுகளின் நடுவில் அந்தத் தெருவில் எல்லாருக்கும் வயல் வேலை இருந்தது, ஒருவருக்கும் வயல் இல்லை. கணிதத்துக்கு அங்கே என்ன வேலை?

நான் என்ன செய்கிறேன் என்பது தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. படித்து முடித்த பிறகும் ஒருவன் படித்துக்கொண்டே இருந்தால் அவன் பாஸாகவில்லை என்றுதானே அர்த்தம். அடுத்த வீட்டு அக்கா என் அம்மாவிடம், துக்கம் விசாரிக்கிற குரலில், இந்தத் தடவையாவது தேறிவிடுவானா என்று கேட்டாளாம். சர்க்காரே சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிறது என்று அம்மா சமாளித்தாளாம். அம்மாவுக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அப்பா போன பிறகு நாற்று நட்டும் களை எடுத்தும் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவள், இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

என் படிப்பு வரிசையைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். யுத்த காலத்தில் கப்பலையும் விமானத்தையும் கணக்குப் போட்டு அனுப்பப் பிறந்த துறை ஒன்று உண்டு. ஆபரேஷனல் ரிசர்ச் என்போம். அதில் வரிசை ஒரு பெரிய பிரிவு. ஆட்கள் எந்த வேகத்தில் வருகிறார்கள், ஒருவரைக் கவனித்து அனுப்ப எவ்வளவு நேரமாகிறது, ஆகமொத்தம் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம். என் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம், கவனித்து அனுப்பப்பட்ட ஆள் மறுபடி வரிசையின் வாலில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. அதை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பேராசிரியர் நல்ல மனிதர். வரிசையைப் பற்றி அவருக்குத் தெரியாத சூத்திரம் கிடையாது. வரிசையில் நின்றதும் கிடையாது, அதற்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். என் நாலாவது அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை.

"கணக்கு ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா நிஜத்துல யாரு இப்படித் திரும்பித் திரும்பி வரப் போறான்?"

அதனால்தான், புதிய இடத்திலும் எனக்கு மேலே இருந்த அவர், நான் சேர்ந்ததும், காகிதம் போதும், இனி நிஜமான ஒரு வரிசையைப் பார்த்து வா என்று சொல்லிவிட்டார். அதைப் பொறுத்துத்தான் நீட்டிப்பு. நாடெங்கும் அரிசிப் பஞ்சம் இருந்த காலம், வரிசைக்குப் பஞ்சமில்லை. உத்திரமேரூர் பஜாரில் ஒரு ரேஷன் கடை இருந்தது. அங்கே போனால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அம்மா இருக்கிறாள் என்று நானே அந்தக் கடையைச் சொன்னேன். சொன்னபோது எனக்குப் பயமாக இல்லை. அதுவே ஓர் ஆச்சரியம்.

பயம் முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டது. பொழுது விடிந்ததும் கைக்கடிகாரத்தோடு போய் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ரேஷன் கடை வாசலில் ஆள் ஒருவர்கூட இல்லை. ஆனால் வரிசை இருந்தது. செங்கல் துண்டு, அதன் பின்னால் பிய்ந்த செருப்பு, காது போன அலுமினியத் தூக்கு, சுருட்டி வைத்த சாக்கு, இன்னொரு கல், இன்னொரு கல், இப்படிக் கடைப் படியிலிருந்து சைக்கிள் கடை வரைக்கும். நடுவில் ஒரு பாதி அம்மிக்குழவி. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுக் குழவி அது. வயலுக்குப் போகிற வழியில் அம்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அது அந்த ஊர் வழக்கம். அரிசி லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் பின்வரிசைக்கு அரிசி மிஞ்சாது. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும், நிற்காவிட்டால் அரிசி போகும். அதனால் கல்லை நிற்க வைத்துவிட்டுப் பெண்கள் வயலுக்குப் போவார்கள். லாரி வந்ததும் சைக்கிள் கடைக்காரர் ஏரிக்கரைப் பக்கம் மணியடித்துக்கொண்டே போவார். சேற்றுக் காலோடு ஓடி வந்து அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். ஒருவர் கல்லை இன்னொருவர் நகர்த்தி நான் பார்த்ததில்லை. சிறு வயதில் நானே எத்தனையோ முறை அந்தக் கற்களைத் தாண்டிப் போயிருக்கிறேன், அப்போது மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் வைத்தவை. கணிதம் என் தலையில் ஏறியபோது இது மட்டும் எப்படியோ இறங்கிப் போயிருந்தது.

நான் எழுத வேண்டியது வந்த நேரம். எது வந்த நேரம்? கல் வந்த நேரத்தை எழுதினால் ஒவ்வொருத்தியும் அரை நாள் காத்திருக்கிறாள். ஆள் வந்த நேரத்தை எழுதினால் வெற்றிலை போடுகிற நேரம்கூடக் காத்திருக்கவில்லை. இரண்டையும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்று கடை இடிந்து விழுகிற அளவுக்குக் கூட்டம் என்றது, மற்றது கடைக்கு வேலையே இல்லை என்றது. இரண்டு விடையும் தப்பு என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாலு நாள் உட்கார்ந்துவிட்டு, குற்றம் செய்தவன் மாதிரி மதராஸுக்குப் பஸ் ஏறினேன்.

பேராசிரியரிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ முடிவு செய்துவிட்டார் என்று பொருள். கல் இருக்கிற வரையில் இது எந்தச் சூத்திரத்திலும் அடங்காது, ஆகவே கல்லை எடுத்துவிடலாம் என்றார். ஒரு வாரம் மட்டும், சோதனைக்காக. ஆள் நின்றால்தான் இடம், ஓர் ஆளுக்கு ஒரு தடவையில் ஓர் அட்டை. சப்ளை அதிகாரி அவருக்குத் தெரிந்தவர், சொன்னால் செய்வார். அப்படிக் கிடைக்கிற விவரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினால் உன் நீட்டிப்புக்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள் என்று என் தோளில் தட்டினார்.

அது நடவு வாரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

அன்று ஊர் திரும்பிய பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். வழி நெடுக இரண்டு பக்கமும் உழுது நீர் கட்டிய வயல்கள். எங்கள் தெருவுக்கு வருஷத்தில் கைநிறையக் கூலி வருவது அந்த ஒரு பருவத்தில்தான். அந்த வாரத்தில் வரிசையில் நில் என்றால் ஒருத்தி எதை விடுவாள்? எதை விட்டாலும் அந்த வீட்டு அடுப்பில்தான் அது தெரியும். இந்த யோசனையைக் கொண்டுவந்தவன் நான் என்பது தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தெரியாவிட்டாலும் அம்மாவுக்குத் தெரியுமே.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

"எந்த வாரம் நைனா?"

"வர்ற வாரம்."

"நீ வேணாம்னு சொன்னா உன் வேலை பூடுமா?"

"பூடலாம்மா."

அம்மா சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள்.

சனிக்கிழமை காலை பேராசிரியரும் சப்ளை அதிகாரியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஜீப்பைப் பார்த்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், நானும் சேர்ந்து எழுந்து நின்றேன். பேராசிரியர் வரிசையாக இருந்த கற்களை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் நடந்து பார்த்தார், கோயில் சிற்பத்தைப் பார்க்கிற மாதிரி. அதிகாரிக்கு அந்த ரசனை எல்லாம் இல்லை. இது என்ன ஒழுங்கீனம் என்று கடைக்காரரைக் கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

என் கால்கள் உதறியது எனக்கே தெரிந்தது. வேட்டி கட்டியிருந்ததால் வெளியே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பேராசிரியர் பக்கத்தில் போய், கல்லை எடுக்க வேண்டாம் சார் என்றேன்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "வரிசைன்னா ஆள் நிக்கணும்ப்பா. கல்லு நின்னா அதுக்குப் பேர் வரிசை இல்லை."

"ஆள் நின்னா கூலி போயிடும் சார். இது நடவு நேரம். கல்லு நிக்கிறதாலதான் அவங்க ரெண்டு வேளையாவது சாப்பிடறாங்க."

"ஒரு வாரம்தானே."

"நடவே அவ்வளவுதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. என்னையே பார்த்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, அதற்குள் அதிகாரி தலையாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வாரிப் போடச் சொல்லிவிட்டார். சோதனைக்காக என்று ஆரம்பித்த விஷயம் அவருக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது. தலையாரி செங்கல்லையும் செருப்பையும் தூக்கையும் வாரிக் கடைக்குப் பின்னால் குவித்தார். குழவி கனமாக இருந்ததால் அதைக் காலால் உருட்டிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜீப்பில் ஏறும்போது பேராசிரியர், திங்கட்கிழமையிலிருந்து கவனமாகக் குறித்து வை, உன் நீட்டிப்பு இதில்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சேதி பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவியது. வீட்டில் கிழவர்கள் இருந்தவர்கள் அவர்களை அனுப்புவதாகப் பேசிக்கொண்டார்கள். அப்படி யாரும் இல்லாதவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, இன்னா இப்டி பண்ணிட்டாங்க என்று ஜீப்பில் வந்தவர்களைத்தான் திட்டினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, திங்கட்கிழமை எந்த நேரத்திலிருந்து குறிக்க வேண்டும் என்று யோசிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அம்மா உள்ளே வந்து என் எதிரில் குந்தினாள். அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை, ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்கிற குரல்தான்.

"நீ எப்டியும் அங்கதானே கீறே? குந்திக்கினு பாக்கறதை நின்னுக்கினு பாரு."

இதனால் என் வேலைக்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேலை போகலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேனே. சொல்லிவிட்டு அவள் எழுந்து போய் எங்கள் ரேஷன் அட்டையை எடுத்து வந்தாள். சற்று நேரத்தில் அடுத்த வீட்டு அக்காவும் தன் அட்டையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தாள். பிறகு இன்னொருத்தி. ஓர் ஆளுக்கு ஒரு தடவையில் ஓர் அட்டை என்பது விதி. ஒரே ஆள் மறுபடி வாலில் போய் நிற்கக் கூடாது என்று விதி எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. தெரியாமல் இருக்குமா, அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியவன் ஆயிற்றே.

திங்கட்கிழமை டீக்கடை பெஞ்சில் நான் உட்காரவில்லை. வரிசையில் நின்றேன். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். கல்லாக இருந்தபோது ஊர்க் கல்லும் எங்கள் தெருக் கல்லும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன. ஆட்கள் நின்றதும், ஊரார் முடிகிற இடத்திலும் நாங்கள் தொடங்குகிற இடத்திலும் ஒரு வண்டி போகிற இடைவெளி விழுந்தது. எனக்கு முன்னால் நின்ற விவசாய வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் ஓர் அடி தள்ளி நின்றாள். கண்ணாடி, கைக்கடிகாரம், டாக்டர் பட்டம் எல்லாம் இருந்தும் நான் எந்தத் தெரு என்பது அவளுக்குத் தெரியும். இடைவெளியால் வரிசை வளைந்து முக்கு வரை போய்விட்டது, சண்டைக்கும் குறைவில்லை. எந்தச் சூத்திரத்திலும் அந்த இடைவெளிக்கு ஓர் எழுத்து வைக்கவில்லை.

ஒரு தடவை வாங்கிப் பையைச் சைக்கிள் கடையில் வைத்துவிட்டு, அடுத்த அட்டையோடு வாலில் போய்ச் சேருவேன். எடை போட எவ்வளவு நேரம், வால் எவ்வளவு நீளம், அரிசி எப்போது தீரும் என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். யார் வீட்டில் அரிசி அடியோடு இல்லையோ அந்த அட்டையை முன்னால் வைப்பேன். நான் போட்ட கணக்கு ஒருவர் வீட்டில் உலையாகக் கொதித்தது அந்த வாரம்தான். ஆனால் அதற்காகப் பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறையும் எடை போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தபோது, இதோ பிடித்துவிட்டார் என்று உயிர் போய் வந்தது. காகிதத்தில் நான் ஒன்றும் குறிக்கவில்லை. ஒரே ஆள் இத்தனை தடவை வந்தால் அந்த விவரம் எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை வாலில் போய் நிற்கும்போதும் என் வேலையிலிருந்து ஒரு செங்கல்லை உருவுகிற மாதிரிதான் இருந்தது.

வியாழக்கிழமை பேராசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். டீக்கடை பெஞ்சைப் பார்த்தார். காலியாக இருந்தது. சாலையைக் கடந்து வரிசை ஓரமாக நடந்து வந்தார். நான் கையில் பையும் யாரோ ஒருத்தியின் அட்டையுமாக நின்றேன். ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடினால் இடம் போய்விடும்.

"நீ எதிர்ல இல்ல உக்காந்திருக்கணும்?"

"ஆமா சார்."

"இங்க என்ன பண்றே?"

"கல்லுக்குப் பதிலா நிக்கிறேன் சார்."

அவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. இது எத்தனையாவது தடவை என்று கேட்டார். மூன்றாவது தடவை என்றேன். பின்னால் நின்ற கிழவர் ஒருவர், இவர் இடையில் நுழையப் பார்க்கிறார் என்று நினைத்து, வாலுக்குப் போங்க சாமி என்று அதட்டினார். பேராசிரியர் ஒதுங்கி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் நாலாவது அத்தியாயம்," என்றார்.

சிரித்தாரா என்று இன்றுவரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது, நீட்டிப்பைத் தீர்மானிக்கிற குழுவிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது என்று அவர் சொன்னார். தெரியும் சார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்த கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். வருஷக் கடைசியில் என் இடத்தை நீட்டிக்கவில்லை.

அன்று அவர் தலை மறைகிற வரை பார்க்க முடியவில்லை, வரிசை நகர்ந்துவிட்டது. என் முறை வந்தது. எடை போடுகிறவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அரிசியைப் பையில் கொட்டினார். கால் அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பையைச் சைக்கிள் கடையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு வாலுக்குப் போனேன்.